பின்னட்டையிலிருந்து எழுதிய கருத்துரை

புதிதாக நூலக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் போன வாரம் என் வீடு தேடி வந்து, கேக் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, "மிஸ், எங்களுக்கு ஏதாவது சொல்லுங்க" என்றீர்கள். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. கேக் நன்றாக இருந்தது. அறிவுரை என்று என்னிடம் எதுவும் இல்லை. இத்தனை வருட வேலையில் நான் சேர்த்து வைத்திருப்பது எரிச்சல் மட்டும்தான். அதில் கொஞ்சம் எடுத்துத் தருகிறேன், உங்களுக்கு உதவினால் சரி.

பதுளையில் நான் இருந்த நூலகத்தில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கென்று ஒரு தட்டுகூடக் கிடையாது. சிறுவர் பகுதிக்குப் போனால் முயலும் நரியும் பேசிக்கொண்டிருக்கும். பெரியவர் பகுதிக்குப் போனால் கதாநாயகனுக்கே நரை விழுந்திருக்கும். பாவம், இந்தப் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவே நின்று முழித்துவிட்டுப் பழைய கேள்வித்தாள் தொகுப்பை இரவல் வாங்கிக்கொண்டு போவார்கள். இந்தக் கொடுமையைப் பார்க்கச் சகிக்காமல்தான் இளையோர் நாவல்களுக்கென்று ஒரு அலுமாரி கேட்டேன். அதற்கு நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் உங்களுக்கு இந்த வேலையே வெறுத்துப்போகும், விட்டுவிடுகிறேன். அலுமாரி வந்தது. அதன்பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அண்மையில் வாசித்த நாவலைப் பற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்து பேசட்டும் என்று ஒரு வட்டம் தொடங்கினேன்.

பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேளுங்கள்.

"நல்லா இருந்துச்சு மிஸ்."

"என்ன நல்லா இருந்துச்சு?"

"கதை நல்லா இருந்துச்சு மிஸ்."

"கதையில என்ன?"

"எல்லாமே நல்லா இருந்துச்சு மிஸ்."

மாதக்கணக்கில் இதே பாட்டு. ஒரு பையன் மட்டும் அட்டைப்படத்தில் இருக்கும் தேயிலைச் செடி தேயிலைச் செடி மாதிரியே இல்லை என்றான். எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதுதான் அந்த அறையில் நான் கேட்ட முதல் கருத்து.

பெரியவர்கள் தொல்லை தனி. பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா ஒரு நாவலை ஏதோ செத்த எலியைத் தூக்கி வருவதுபோல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து என் மேசையில் போட்டார். "இதுல லவ் இருக்கு மிஸ். எங்க புள்ள வாசிக்கிற புத்தகமா இது?" என்றார். எந்தப் பக்கத்தில் என்று கேட்டேன். "நான் ஏன் இதையெல்லாம் வாசிக்கிறேன்? கேள்விப்பட்டேன்." அன்றே ஒரு சட்டம் போட்டேன். குறை சொல்லலாம், திட்டலாம், கிழித்துத்தான் போடக் கூடாது. ஆனால் வாசித்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்துக்கு வரும் புகார்களில் முக்கால்வாசி அந்த இடத்திலேயே செத்துப்போகும்.

ஆனால் பாராட்டுகிறவர்களுக்கு இந்தச் சட்டத்தைப் போட மறந்துவிட்டோம். திட்டுகிறவன் வாசிக்காமல் திட்டினால் நமக்குக் கோபம் வருகிறது. வாசிக்காமல் பாராட்டினால் பொன்னாடை போர்த்துகிறோம். நான் சொல்ல வந்த கதை அதைப் பற்றியதுதான்.

எங்கள் வட்டத்துக்குத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை அனுப்பியவர் ஒரு தமிழ் ஆசிரியர்; எல்லாருக்கும் அவர் தமிழ்ச் சேர். பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர். அவரைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்ற பிள்ளைகளை தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் லயம் லயமாக மோட்டார் சைக்கிளில் போய்த் தேடிப் பிடித்துக் கூட்டி வருகிற மனிதர். மழை, பனி, அட்டைக்கடி எதற்கும் நிற்க மாட்டார். அப்படி ஒரு ஆளை நான் என் வாழ்க்கையில் அதிகம் பார்த்ததில்லை.

கெட்டது என்ன என்றால், பிள்ளைகள் பேசும் ஒவ்வொரு பேச்சையும் அவரே எழுதிக் கொடுப்பார். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நம் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். பேச்சுப் போட்டியா, ஆசிரியர் எழுதுவார், பிள்ளை பாடமாக்கும், கை எந்த இடத்தில் தூக்க வேண்டும் என்பதுவரை சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கிணற்றடியில் பேசுகிற பிள்ளை வேறு, மேடையில் பேசுகிற பிள்ளை வேறு. போட்டிக்கு அது சரியோ தவறோ, நான் தலையிடவில்லை. ஆனால் வாசித்த நாவலைப் பற்றி உன் கருத்தைச் சொல் என்றால் அதையுமா எழுதிக் கொடுப்பார்கள்? எழுதிக் கொடுத்தார்.

அந்த மாதம் கொழும்பிலிருந்து ஒரு எழுத்தாளர் வருவதாக ஏற்பாடு. மலர் என்ற தோட்டத்துப் பெண் ஒருத்தியைப் பற்றி இளையோருக்கென்று ஒரு நாவல் எழுதியிருந்தார். எழுத்தாளர் வருகிறார் என்றதும் எங்கள் அமைதியான வட்டம் விழாவாகிவிட்டது. மங்கள விளக்கு வந்தது. வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை எல்லாம் வந்தன. கருத்துப் பகிர்வு ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ போய் விழுந்தது. அந்தக் கருத்தைச் சொல்ல சேர் தேர்ந்தெடுத்த பிள்ளை கௌசல்யா.

கௌசல்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அவளுக்காகத்தான். பதினோராம் ஆண்டுச் சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். அப்பா வெலிமடையிலிருந்து லீக்ஸும் கேரட்டும் ஏற்றி வரும் லொறிக்கு டிரைவர். கொழும்பில் இருக்கும் சித்தி ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். மாதம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள் என்று சித்தி நச்சரித்துக்கொண்டிருந்தார். அதற்குள் பதுளையில் உயர்தர வகுப்பில் சேர்த்தால் உண்டு, இல்லாவிட்டால் பிள்ளை கொழும்புக்கு. சேர்ப்பதற்கு இருந்த ஒரே வழி இந்தத் தமிழ்ச் சேர்தான். கௌசல்யாவின் அப்பா வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டார், சேர் சொன்னால் கேட்பார். "விழா முடிஞ்சதும் அவங்க அப்பாகிட்ட நான் பேசுறேன் மிஸ். ஆர்ட்ஸ் படிக்க வைக்கிறது என் பொறுப்பு. இவ கெம்பஸ் போகாம விட மாட்டேன்" என்று என்னிடமே சொல்லியிருந்தார்.

விழாவுக்கு முந்தின நாள் சேர் எழுதிய கருத்துரையின் முதல் சில வரிகளைப் பார்த்ததுமே நான் அவரோடு சண்டை போட்டேன்.

"சேர், இது அவ கருத்து இல்லியே. நீங்க எழுதினது."

"மிஸ், உங்களுக்குத் தெரியாது. டவுன் புள்ளைங்க எல்லாம் வந்து உட்காந்திருப்பாங்க. எங்க தோட்டத்துப் புள்ள மேடையில தடுமாறி நின்னா சிரிப்பாங்க. அது நடக்கக் கூடாது."

அவர் சொன்னதில் பொய்யில்லை. சிரிப்பார்கள்தான். ஆனாலும் எனக்கு ஆற்றவில்லை. "அந்த நாவலை வாசிச்சீங்களா சேர்?" என்று கேட்டேன். "வாசிக்காம எழுதுவேனா?" என்றார். விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. ஆசியுரை வழங்கியவர் பதுளையின் தட்பவெப்பத்தைப் பற்றிப் பேசினார். வாழ்த்துரை வழங்கியவர் தன்னுடைய இளமைக்காலத்தைப் பற்றிப் பேசினார். அதற்குள் மைக் மூன்று தடவை கத்தியது. எழுத்தாளர் சிரித்த முகத்தோடு உட்கார்ந்தே தூங்கும் கலையில் தேர்ந்தவர் போலிருந்தது. கௌசல்யாவின் அப்பா லொறிச் சரக்கைப் பஜாரில் இறக்கிவிட்டு நேரே வந்து, உட்காராமல் வாசல் நிலையோடு சாய்ந்து நின்றார். சட்டையில் மண். உள்ளே வாங்க என்று கையைக் காட்டினேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

கௌசல்யா மேடை ஏறினாள். "அவையோர் அனைவருக்கும் என் பணிவான காலை வணக்கம்." அழகான குரல். பிசிறு இல்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சேரின் உதடுகள் அவளோடு சேர்ந்தே அசைந்துகொண்டிருந்தன. மலையகத்தின் துயரம், ஆசிரியரின் அர்ப்பணிப்பு, கல்வியின் ஒளி எல்லாம் வரிசையாக வந்தன. பிறகு, "இந்த நாவலில் வரும் தாயின் தியாகம்" என்றாள். அதோடு நின்றுவிட்டாள்.

நின்றவள் பேசவே இல்லை.

சேர் உதட்டை அசைத்தார். பிறகு மெல்லச் சொல்லிக் கொடுத்தார்: "என் கண்களைக் குளமாக்கியது." அவள் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அவளுடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் எடுத்துக் கொடுத்தார்கள். "கண்களைக் குளமாக்கியது, கண்களைக் குளமாக்கியது." டவுன் பிள்ளைகள் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கிளம்பியது. நான் தலைமை. என் கையில் இன்னொரு மைக்.

இந்த இடத்தை நன்றாகக் கேளுங்கள். வசனம் மறந்துபோன பிள்ளை கூரையைப் பார்க்கும், இல்லாவிட்டால் சொல்லிக் கொடுத்தவரைப் பார்க்கும். இவள் எழுத்தாளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்த நாவலை நான் வாசித்திருந்தேன். தாய் முதல் அத்தியாயத்திலேயே மண்சரிவில் போய்விடுகிறாள். தியாகமும் இல்லை, ஒன்றும் இல்லை. சேர் வாசிக்கவில்லை! அந்தப் பிள்ளை வாசித்திருக்கிறாள், அந்த வரியை நாவலை எழுதியவரின் முகத்துக்கு நேரே சொல்ல அவளால் முடியவில்லை.

எனக்கு இரண்டு வழி இருந்தது. "பரவாயில்லை, நன்றி கௌசல்யா" என்று சொல்லிக் கைதட்ட வைத்து இறக்கிவிடலாம். சேருக்கு மானம் போகாது. விழா முடிந்ததும் அப்பாவிடம் பேசுவார். பிள்ளை படிப்பாள். அதுதான் புத்திசாலித்தனம் என்று என் மூளை சொன்னது. ஆனால் அவள் நின்ற நிற்பைப் பார்த்தால், மறந்துவிட்டாள் என்ற பெயரோடு அவளை இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இதைத்தானே மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன்? ஒரு பிள்ளை வாசித்ததற்கு உண்மையாக நிற்கிறாள், நான் அவளைக் கீழே இறக்கவா?

"கௌசல்யா, பேச்சை அங்கேயே விட்டுரு. இந்தக் கதையில உனக்குப் பிடிக்காதது என்ன? அதை மட்டும் சொல்லு" என்றேன்.

கூட்டம் திடுக்கிட்டது. எழுத்தாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லலாமா மிஸ்?"

"கேக்குறேன்ல?"

"அந்த அம்மா மொத அத்தியாயத்துலயே மண்ணுக்குள்ள போயிடுறாங்க மிஸ். தியாகம் பண்றதுக்கு அவங்களுக்கு நேரமே இல்ல." சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை அவளைப் பார்த்து இல்லை. அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டாள். "எங்களப் பத்தி எழுதுற கதையில எல்லாம் ஏன் மிஸ் ஒரு ஆள் மண்ணுக்குள்ள போகணும்? எங்க லயத்துல எல்லாரும் இருக்காங்க. சண்டை போட்டுக்கிட்டு, டீவி பாத்துக்கிட்டு, நல்லாத்தான் இருக்காங்க."

எழுத்தாளர் கையை உயர்த்தி, "நான் இதற்குப் பதில் சொல்லலாமா?" என்றார்.

"இல்லை மேடம், அவ இன்னும் முடிக்கல" என்றேன். விருந்தாளியிடம் அப்படிப் பேசியதற்கு நூலகக் குழுவில் என்னைப் பிறகு வறுத்தெடுத்தார்கள். இன்று நடந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

கௌசல்யா மேலே சொன்னாள். "அந்த மலர் என்ன படிக்கணும்னு கதையில வர்ற சேர்தான் சொல்றாரு. எங்க தங்கணும்னு அவர்தான் சொல்றாரு. அப்பாகிட்ட அவர்தான் பேசுறாரு. மலர்கிட்ட யாருமே எதுவுமே கேக்கல மிஸ், கடைசிவரைக்கும். கடைசியில பட்டம் வாங்கிட்டு வந்து அவ அந்தச் சேர் கால்ல விழுறா. எல்லாருக்கும் அந்த இடத்துல அழுகை வரும்னு பின்னட்டையில போட்டிருக்கு. எனக்குக் கோவம்தான் வந்துச்சு."

சொல்லிவிட்டு இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டாள். நன்றி வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அந்த வட்டத்தில் நடந்த முதல் கருத்துப் பகிர்வு. துணிக்கடை அம்மாவின் பிள்ளை எழுந்து, "அப்படியெல்லாம் சொல்ல முடியாது. அந்தச் சேர் இல்லாட்டி மலர் வீட்டு வேலைக்குத்தான் போயிருப்பா" என்றாள். "போனா போறா, அவகிட்ட கேட்டுட்டுப் போகட்டும்" என்று பின்வரிசையில் இருந்து ஒரு பையன் கத்தினான். "அப்பா குடிக்காத ஒரு தோட்டக் கதை இருந்தா சொல்லுங்க மிஸ், நான் வாசிக்கிறேன்" என்றாள் இன்னொருத்தி. எழுத்தாளர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்த்துரை வழங்கியவர் வேறு வேலை இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டார். நன்றியுரையைப் பிள்ளைகளே மறந்துவிட்டார்கள், எனக்கும் நினைவூட்டத் தோன்றவில்லை. எவ்வளவு சந்தோஷமான நேரமாக இருந்திருக்க வேண்டும்! என்னால் முழுக்க சந்தோஷப்பட முடியவில்லை. முதல் வரிசையில் நடு நாற்காலி காலியாக இருந்தது. சேர் எழுந்து போய்விட்டார்.

வாசலில் கௌசல்யாவின் அப்பா என்னை நிறுத்தினார்.

"மிஸ், எம் புள்ள என்னமும் தப்பாப் பேசிருச்சா? சேர் மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டுப் போறாரு. நான் கும்பிட்டேன், பாக்காம போறாரு."

"தப்பா ஒன்னும் பேசல. நான்தான் பேசச் சொன்னேன்."

"சேர் இன்னைக்கு எங்கிட்டப் பேசுறேன்னு சொன்னாரே மிஸ்."

நான் சேரின் மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தைப் பார்த்தேன். அவரும் அங்கேயே பார்த்தார். "சரிங்க மிஸ். அவ சித்தி வேற டெய்லி போன் எடுக்குது. இனி அனுப்பிற வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, மகளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். கௌசல்யா திரும்பிப் பார்த்தாள். என் மீது கோபமா, என்னவென்று தெரியவில்லை. அந்தப் பார்வை என்னை அன்று முழுக்கத் தின்றது.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், போய்ச் சேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று. எதற்கு? வாசிக்காமல் எழுதியது அவர். ஆனால் அவர் கோபத்துக்குக் கூலி கொடுக்கப் போவது அந்தப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை முழுதும் வீட்டில் பாத்திரங்களை உடைக்காத குறையாகக் கழுவினேன். நானே அவள் அப்பாவிடம் போய்ப் பேசினால் என்ன என்று யோசித்தேன். என் பேச்சை அவர் கேட்க மாட்டார், எனக்கே தெரியும். நான் ஒரு பஜார்க்காரர் வீட்டுப் பெண், தோட்டத்தில் எனக்கு என்ன மதிப்பு? சேருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் லயத்தில் எழுந்து நிற்பார்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சேர் நூலகத்துக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. இளையோர் அலுமாரியின் முன்னால் போய் நின்று தேடினார். அந்தப் புத்தகம் என் மேசையில் இருந்தது. எடுத்து நீட்டினேன்.

"வாசிச்சிட்டுத்தானே எழுதினீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வாய் சும்மா இருந்தால்தானே!

"பின்னட்டைய வாசிச்சேன்" என்றார். முகம் சிவந்துபோயிற்று. "கருத்துரை எழுத அது போதும்னு நெனச்சேன். நான் எழுதுற எல்லாத்துக்கும் அது போதுமாத்தான் இருந்துச்சு."

புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை பூட்டுகிற நேரத்துக்கு வந்தார். புத்தகத்தை மேசையில் படாரென்று வைத்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். திட்டினார்தான். ஆனால் என்னை இல்லை.

"மிஸ், என்ன புத்தகம் இது? எந்த வாத்தியார் ஒரு பொம்பளப் புள்ளையத் தன் சொந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வச்சிப் படிப்பிப்பான்? ஊரு என்ன பேசும்? இந்த அம்மா ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தையாச்சும் வாசல்ல நின்னு பாத்திருப்பாங்களா? அந்தச் சேர் ஒரு நாள்கூட பாடம் நடத்தல மிஸ்! எப்பப் பாத்தாலும் தத்துவம் பேசுறான். அவனுக்கு மூக்குல ஒரு தடவ சளி பிடிச்சதாக்கூட எழுதல. நாங்க எல்லாம் பனியில இருமிக்கிட்டே மூனு பாடம் எடுக்குறோம்."

நான் விளக்கை அணைக்க வேண்டும், பூட்ட வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும். மனிதர் நிறுத்தவில்லை. அந்த நாவலில் அவர் விட்டு வைத்த பக்கம் ஒன்றும் இல்லை. கருத்து என்றால் அப்படி ஒரு கருத்து! கேட்கிற நேரத்தில் வராமல் பூட்டுகிற நேரத்தில் வந்த கருத்து.

"இதையெல்லாம் என்கிட்டச் சொல்லி என்ன சேர்? சொல்ல வேண்டியவகிட்டச் சொல்லுங்க. நாளைக்கு அவ அப்பா லொறியோட வருவாரு. நூலக அட்டையத் திருப்பிக் குடுக்க வராங்க. ஞாயித்துக்கெழம கொழும்புக்கு அனுப்புறாங்களாம்."

சேர் பேச்சை நிறுத்தினார். "ஞாயித்துக்கெழமயா?" என்றார். புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை மழை. கௌசல்யாவும் அப்பாவும் நனைந்துகொண்டே வந்தார்கள். அட்டையை என் மேசையில் வைக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அட்டையைத் தொடவில்லை. ஏதாவது காரணம் சொல்லி நேரத்தை இழுக்கலாம் என்று அலுமாரியைத் துடைத்தேன், ஜன்னலைச் சாத்தினேன், அவள் அப்பாவுக்கு நாற்காலி போட்டேன். அப்பாவுக்கு லொறி அவசரம். "போயிட்டு வாறோம் மிஸ்" என்று அவர் எழுந்துவிட்டார். அப்போதுதான் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

சேர் மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேரே கௌசல்யாவிடம் போனார். "அந்தப் புத்தகத்த நானும் வாசிச்சேன். நீ சொன்னதுல பாதி பிழை" என்றார்.

அவள் பயந்துவிட்டாள். "எந்தப் பாதி சேர்?"

"மண்ணுக்குள்ள போறது எங்க ஊர்ல நடக்குறதுதான். அத எழுதக் கூடாதுன்னு சொல்ல ஏலாது."

"எழுதலாம் சேர். ஆனா எல்லாரும் அதையே எழுதுறாங்கன்னுதான் சொன்னேன்."

"ம்." கொஞ்சம் யோசித்தார். "அது சரி. ஆனா கால்ல விழுந்ததுக்கு ஏன் உனக்குக் கோவம்? நன்றி இருக்கக் கூடாதா?"

"நன்றி இருக்கலாம் சேர். கேட்டுட்டுச் செஞ்சிருந்தா அவளும் சந்தோஷமா விழுந்திருப்பா."

தண்ணீர் சொட்டச் சொட்ட சேர் நின்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "அண்ணே, இந்தப் புள்ளைய ஆர்ட்ஸ்ல" என்று தொடங்கினார். தொடங்கியவர் நின்றுவிட்டார். மேடையில் அவள் நின்ற மாதிரியேதான். நல்ல வேளை, எடுத்துக் கொடுக்க நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார். "நீ என்ன படிக்கணும்னு நெனக்கிற?"

"கொமர்ஸ் சேர்."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. சேர் அவள் பக்கம் ஓரடி வைத்தார்.

"கொமர்ஸா? தமிழ்ல இப்படி எழுதுற புள்ள கொமர்ஸா? எத்தன நாளா உன்ன ஆர்ட்ஸுக்குன்னு நான் மனசுல வச்சிருக்கேன், ஒரு வார்த்த நீ சொல்லலியே!"

"நீங்க கேக்கலியே சேர்."

சேர் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்குக் கொமர்ஸ்ல ஒன்னும் தெரியாதே. அந்தப் பள்ளிக்கூடத்துக் கொமர்ஸ் சேரோட எனக்குப் பேச்சுவார்த்தையும் கிடையாது" என்று முனகினார். பிறகு பெருமூச்சு விட்டார். "சரி. போய்ப் பேசுறேன். வேற என்ன செய்ய? அண்ணே, திங்கக்கெழம காலையில புள்ளையக் கூட்டிட்டு வாங்க. நான் வாசல்ல நிக்கிறேன்."

கௌசல்யாவின் அப்பா மகளை ஏற இறங்கப் பார்த்தார். புதிதாக வந்த ஆளைப் பார்ப்பது போல இருந்தது. வெளியே போய், கூரைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று போனை எடுத்தார். பஸ் ஸ்டாண்ட் இரைச்சலும் மழையும் சேர்ந்து இரைந்ததால் கத்தித்தான் பேசினார். உள்ளே எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"ஆமாம்மா, நாந்தான். இல்ல, புள்ள வரல. நாளைக்கு வரல, எப்பவும் வரல. படிக்கப் போகுது. கொமர்ஸாம். என்னது? அது என்ன படிப்புன்னு எனக்கென்ன தெரியும்?"

அவர் திரும்பி, போனில் சித்தியிடம் சொல்லிக்கொண்டே கையை உள்ளே நீட்டி, அதை மகளிடம் கொடுத்தார்.

"இந்தா, அவகிட்டயே கேளு."